மூக்கக்காவின் முள்ளங்கி

தொழிற்சாலை கேன்டீனில் அவளுக்கு மூக்கக்கா என்றுதான் பெயர். எந்த அண்டா அடிப்பிடிக்கப் போகிறது, எதில் வெந்தயம் கூடிவிட்டது என்பதையெல்லாம் வாசலில் நின்றே சொல்லிவிடுவாள். தலைமைச் சமையல்காரி என்ற பதவியை வாங்கிக் கொடுத்ததே அந்த மூக்குதான். அப்பேர்ப்பட்ட மூக்கை ஒரு காய்ச்சல் வந்து சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போனது. உப்பு, புளிப்பு, மிளகாய் எல்லாம் நாக்குக்குத் தெரிந்தன. வாசனை மட்டும் மருந்துக்குக்கூட இல்லை.

போன வாரம் வெங்காயம் கருகியபோது மற்ற வேலையாட்கள் எங்கிருந்தோ ஓடிவந்து அடுப்பை அணைத்தார்கள். பக்கத்திலேயே நின்றவள் இவள். "வேற ஞாபகத்துல இருந்துட்டேன்" என்று சமாளித்தாள். எத்தனை நாள்தான் சமாளிப்பது? மூக்கு திரும்பாவிட்டால் கரண்டியை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டுக் காய் நறுக்கப் போக வேண்டியதுதான்.

"வரலாம், வராமலும் போகலாம். நல்லா நெடியடிக்கிற பொருளா தினமும் மோந்து பாருங்க" என்றார் டாக்டர்.

கடை முள்ளங்கியை நறுக்கி முகர்ந்தாள். ஒன்றும் ஏறவில்லை. அது வாடிப்போன சரக்கு. மண்ணிலிருந்து பிடுங்கிய கையோடு கடித்தால்? அந்தக் கேள்வி மண்டையைக் குடையத் தொடங்கியது. விரிசல் விட்ட பிளாஸ்டிக் டப்பில் மண் நிரப்பி, பால்கனியில் வைத்து விதைத்தாள்.

முளை வந்தது. நெருக்கமாக நின்றதைக் களைந்தாள். அப்புறம் இலை மட்டும் காடாக மண்டியது. கீழே என்ன நடக்கிறது என்று தெரியாமல் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. யாரும் பார்க்காதபோது விரலால் மண்ணை விலக்கிப் பார்ப்பாள். வெள்ளையாகக் கிழங்கின் தோள் தெரியும். அவசரமாக மூடிவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் முள்ளங்கியைப் பிடுங்கினாள். பார்க்க லட்சணமாக, வழவழவென்று இருந்தது. கழுவிக் கடித்தாள். மென்றாள். முகம் செத்துவிட்டது.

"போச்சுங்க. இனிமே என் மூக்கு அவ்வளவுதான்."

பஸ் ஓட்டும் கணவர் மிச்சத்தை வாங்கிக் கடித்தார். "எனக்கும் ஒண்ணும் தெரியலையே! தண்ணியைக் கடிச்ச மாதிரி இருக்கு."

அழ ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்தினாள். சமையல்காரியின் புத்தி விழித்துக்கொண்டது. "தண்ணியா? இதுக்கு யாரு தண்ணி ஊத்துனது?"

"நான் மத்தியானம் சாப்பிட வரும்போது ஒரு சொம்பு..." என்று இழுத்தார் அவர்.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் நாத்தனார் தலையைச் சொறிந்தாள். "நான் சாயங்காலம் ஊத்துவேன் அண்ணி. சீக்கிரம் வளரட்டுமேன்னு."

காலையில் மூக்கக்கா வேறு ஊற்றியிருக்கிறாள். ஆளுக்கு ஆள் பாசத்தைக் கொட்டி அதன் காரத்தையே கழுவிவிட்டார்கள்! மூவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். மிச்ச முள்ளங்கி இருந்த டப்பை மூக்கக்கா சுள்ளென்று வெயில் விழும் மூலைக்கு நகர்த்தினாள். உயிர் போகாமல் இருக்க எப்போதாவது ஒரு கை தண்ணீர், அதுவும் இவள் கையால் மட்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். இலை துவளும்போதெல்லாம் நாத்தனார் பரிதாபமாகப் பார்ப்பாள். "கிட்ட போகாதே" என்று இவள் மிரட்டுவாள்.

அடுத்த முறை பிடுங்கியது கோணலும் மாணலுமாக, தோல் வெடித்து, கட்டை மாதிரி இருந்தது. கத்தி இறங்கவே அடம்பிடித்தது. ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடி மென்றாள். கணவரும் நாத்தனாரும் மூச்சுக்கூட விடாமல் அவள் வாயையே பார்த்தார்கள்.

முதலில் நாக்கு சுரீர் என்றது. பிறகு அது மூக்குத்தண்டு வழியாக ஏறி உச்சியில் அடித்தது. அதன் பின்னாலேயே, மெல்லிசாக, இன்னொன்று வந்தது. அவள் கையிலிருந்த மிச்சத்தை மூக்கருகே கொண்டுபோய் இழுத்து முகர்ந்தாள்.

"என்னங்க... நாறுதுங்க!"

"என்னது?"

"நாறுதுங்க! ஐயோ, என்னமா நாறுது!" கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய அவள் குதித்தாள்.

நாத்தனார் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறக்கப் போனாள். மூக்கக்கா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"திறக்காதம்மா. போயிடும்."