பெயருக்கு ஒரு முதலாளி

அப்பாவின் அலுமாரிக்குள் ஜனகனின் கை முழங்கை வரை போயிருந்தபோதுதான் முற்றத்திலிருந்து மாமா கூப்பிட்டார்.

"ஜனகா! தண்ணி எடுக்கப் போவணும்டா! தப்புக்காரங்க எவ்வளவு நேரந்தான் அடிச்சிக்கிட்டே நிப்பாங்க?"

"இந்தா வர்றேன் மாமா. வேட்டி தேடுறேன்."

வேட்டி இடுப்பில்தான் இருந்தது. விமானத்திலிருந்து இறங்கி, கட்டுநாயக்கவிலிருந்து வேனில் வந்து, கிடத்தியிருந்த அப்பாவின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, அடுத்த நிமிஷமே கட்டிக்கொண்ட வேட்டி. அறையில் தனியாக நிற்க அதன் பிறகு இப்போதுதான் வாய்த்திருந்தது.

அப்பா பழனிமுத்து முப்பத்தாறு வருஷம் இறப்பர் பெக்டரியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். அவருடைய அலுமாரியில் ஒரு குண்டூசி தொலைந்தால் அது வெட்கப்பட்டுத் தானே நடந்துவந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும் என்று லயத்து வீடுகளில் சொல்வார்கள். கேகாலை டவுன் முழுக்க ஒரு நாள் வெள்ளத்தில் போனாலும் இந்த அலுமாரியில் இருப்பதை வைத்து இன்னொரு கேகாலையைக் கட்டி, மிச்சத்தில் ரம்புக்கனைக்கு ஒரு ஸ்டேஷனும் கட்டிவிடலாம். முப்பது வருஷத்து மின்சாரக் கட்டணப் பட்டியல்கள் அடுக்கடுக்காக இருந்தன. உடைந்த குடைக் கம்பிகள் நீளவாரியாக இருந்தன. ஜனகனின் ஐந்தாம் வகுப்புப் பல் ஒன்று தீப்பெட்டிக்குள், பெயர் எழுதிய அட்டையோடு இருந்தது.

அவன் தேடிய ஒற்றைக் காகிதம் மட்டும் இல்லை.

அந்தக் காகிதத்தின் கதை இது. ஆறு வருஷத்துக்கு முன் ஜனகன் அமெரிக்காவிலிருந்தபடியே கேகாலை டவுனில், அப்துல் ரஸாக் நாநாவின் செருப்புக் கடைக்கு மேல்மாடியில், ஒரு கம்பனி தொடங்கினான். அங்குள்ள ஆஸ்பத்திரிகளின் கட்டணப் பட்டியல்களை இங்கே ஏழு பேர் ஏழு கம்ப்யூட்டரில் சரிபார்த்து அனுப்புவார்கள். வேலை நன்றாகவே ஓடியது. இரண்டு வருஷம் கழித்துத்தான் அவனுக்கு விஷயம் தெரிந்தது. அமெரிக்காவில் குடியிருப்பவன் வெளிநாட்டில் கம்பனி வைத்திருந்தால், இலாபம் கொட்டினாலும் ஈ ஓட்டினாலும், வருஷா வருஷம் அதைத் தனிப் படிவத்தில் வரித் திணைக்களத்துக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாத ஒவ்வொரு வருஷத்துக்கும் பத்தாயிரம் டொலர் தண்டம்.

தாமதமானாலும் பரவாயில்லை, காரணத்தை எழுதிச் சொல்லிவிடு என்றார் அங்கே அவன் பார்த்த கணக்காளர். ஜனகன் தலையாட்டினான். கணக்காளரை மாற்றினான். பிறகு பங்குகளையெல்லாம் அப்பாவின் பெயருக்கு மாற்றினான்.

"சும்மா பேருக்குத்தான்பா. ஒரு கையெழுத்து."

பழனிமுத்து கையெழுத்துப் போட்டார். ஆனால் பெயருக்கு இருப்பது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. மறுநாளே காலை எட்டு மணிக்குப் பஸ் ஏறி மேல்மாடிக்குப் போனார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தன் சொந்தக் கம்பனி வாசலில் நின்று, "உள்ள வரலாமா புள்ள?" என்று அங்கே வேலை செய்யும் நுஸ்காவிடம் அனுமதி கேட்டார். ஒரே வாரத்தில் கதிரை, மேசை, கம்ப்யூட்டர், தேத்தண்ணிக் கோப்பை எல்லாவற்றிலும் நூல் கட்டிய அட்டை தொங்கியது. ஸ்டோரில் அது வழக்கம். நம் பொறுப்பில் இருந்தாலும் நம்முடையது அல்லாத சாமானில் உரியவர் பெயரைத் தொங்கவிட வேண்டும். சுவர்ப் பல்லிக்கும் ஒன்று கட்டப் பார்த்தார், அது நிற்கவில்லை என்று நுஸ்கா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

அட்டை ஒவ்வொன்றிலும் ஒரே எழுத்து: உரியவர் ப. ஜனகன்.

வீடியோ கோலில் நுஸ்காவின் தலைக்குப் பின்னால் அந்த அட்டைகள் ஆடியதைப் பார்த்துவிட்டு ஜனகன் போட்ட சத்தத்தில் கீழே செருப்புக் கடையில் செருப்புகள் ஜோடி மாறின. "பேருக்கு இருங்கன்னா பேருக்கு இருக்கத் தெரியாதா? அறிவில்லையா உங்களுக்கு?" ஏழு பேரும் கம்ப்யூட்டரை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழனிமுத்து, "சரிப்பா, சரிப்பா," என்றார். அன்று பின்னேரம் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். நூலைக்கூட அறுக்கவில்லை.

மூன்று மாதத்துக்கு முன் ஜனகன் ஒரு பங்கு மாற்றுப் பத்திரம் அனுப்பியிருந்தான். அப்பாவுக்கு ஏதாவது ஆனால் பங்குகள் தங்கை தனுஜாவுக்குப் போகிற மாதிரி. கையெழுத்துப் போடுங்கள், திகதி போடாதீர்கள். பதில் வரவில்லை. முந்தாநாள் அவருக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது. அந்தப் பத்திரத்தில் கையெழுத்து இருந்தால் திகதியை அவனே போட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால், செத்தவரின் சொத்தாகக் கம்பனி அவன் வாசலுக்கே திரும்பி வரும், நாலு வருஷத்துப் பொய்யையும் கையில் பிடித்துக்கொண்டு.

அப்பாவைக் குளிப்பாட்டப் போகிறார்கள். அவன் அவருடைய உள்பனியன்களுக்குக் கீழே தடவிக்கொண்டிருந்தான்.

"ஜனகா!"

வெளியே வந்தான். கூட்டத்தைச் சொல்லி முடியாது. கேகாலை பஸ் ஸ்டாண்டில் பாதிப் பேர் முற்றத்தில் இருந்தார்கள், மீதிப் பேர் படியேறி வந்துகொண்டிருந்தார்கள். ஊற்றுப் பீலிக்குப் போய்த் தண்ணி எடுத்துக்கொண்டு திரும்பும் வழியெல்லாம் யாராவது ஒருவர் அவன் தோளைத் தொட்டார்கள். "அப்பா ஒங்களப் பத்தியே பேசுவாரு தம்பி." தொட்ட ஒவ்வொரு கையும் சுட்டது.

குடத்தை இறக்கியதும் அப்துல் ரஸாக் நாநா கொப்பியும் பேனாவுமாக வந்தார். அவர்தான் மரணாதார சங்கத்துச் செயலாளர். சாவுச் செலவுக்கு உதவ, தமிழர், சிங்களவர், முஸ்லிம் எல்லாரும் சேர்ந்து வைத்திருக்கிற சங்கம். புதைகுழியருகே செத்தவரின் வரலாற்றை வாசிப்பார்கள், முதலில் தமிழில், பிறகு சிங்களத்தில். குணகதனய என்று அதற்குப் பெயர். முன்பு வாய்க்கு வந்ததை வாசித்தார்கள். ஒரு தடவை, யார் வம்புக்கும் போகாதவர் என்று ஒருவரைப் பற்றி வாசித்தபோது பதினொரு பேர் ஒரே நேரத்தில் இருமி, அது அடங்க அரைமணி நேரம் பிடித்தது. அன்றிலிருந்து, எழுதியது உண்மை என்று மூத்த பிள்ளை கீழே கையெழுத்துப் போட்டால்தான் வாசிப்பது.

"மகன், தொழில்னு என்னா போட? ஸ்டோர் கீப்பரா, கம்பனி மொதலாளியா?" கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "என் வாடகைப் பத்திரத்துல அவருதான் மொதலாளி. வாயத் தொறந்தா, 'என்னுதில்ல நாநா, புள்ளையோடது'ம்பாரு. பத்திரம் ஒண்ணு சொல்லுது, மனுஷன் ஒண்ணு சொல்றாரு. நான் எத வாசிக்க?"

முற்றம் சட்டென்று அமைதியானது. தப்புக்காரர்களுக்குக்கூட அப்போதுதான் கை வலித்தது. நுஸ்கா கம்பத்தருகே நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொதலாளின்னே போடுங்க."

"நிச்சயமா?"

"ஆமா நாநா."

கையெழுத்துப் போட்டான். தலைநிமிர்ந்தபோது கதவு நிலையில் தனுஜா. அழுது வீங்கிய கண்ணில் கோபம் இல்லை. அதுதான் அவனால் தாங்க முடியாமல் இருந்தது.

அப்பாவைக் குளிப்பாட்டிப் பெட்டியில் வைத்த பிறகு, குசினிப் பக்கம் அவனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அலுமாரியில நீங்க தேடுனது இதானே?"

ஒரு மண்ணிறக் கோப்பு.

"நீ வச்சிருந்தியா? மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீங்க வேட்டில்ல தேடுனீங்க." மூக்கை உறிஞ்சினாள். "நீங்க லீவுக்கு வந்தா கையில குடுக்கணும்னு சொன்னாரு. தபால்ல போட்டா பயந்துருவானாம்."

மேலே பங்கு மாற்றுப் பத்திரம் இருந்தது. கையெழுத்து இல்லை. கசங்கக்கூட இல்லை. அதன் கீழே தடியான காகிதக் கட்டு ஒன்று. அவன் அதைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொண்டான். நாலு வருஷம் கண்ணை மூடிக்கொண்டு ஓடியும், அந்த வரிப் படிவம் கேகாலையில் அப்பாவின் கை வரை நடந்து வந்திருந்தது. ஒன்றல்ல, வருஷத்துக்கு ஒன்றாக ஆறு. எல்லாம் பென்சிலால் நிரப்பியிருந்தது. இலக்கங்கள் அப்பாவுடையவை, ஸ்டோர்ப் புத்தகத்தில் போடுவது போல, ஒவ்வொரு ஏழுக்கும் குறுக்குக் கோடு. ஆங்கிலச் சொற்கள் மட்டும் வேறு ஒரு உருண்டையான கையெழுத்து. முதலாளி யார் என்று கேட்ட இடத்திலெல்லாம் ஜனகனின் பெயர். எத்தனை தடவை அழித்து எழுதினாரோ, தாள் அங்கங்கே மெலிந்து மறுபக்கம் தெரிந்தது. ஒவ்வொரு படிவத்தின் முடிவிலும், அவன் கையெழுத்து வைக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு பெருக்கல் குறி.

மடிப்பிலிருந்து அழிறப்பர் துகள்கள் அவன் உள்ளங்கையில் கொட்டின.

நுஸ்கா தேத்தண்ணித் தட்டோடு அந்தப் பக்கம் வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இந்த இங்கிலீஷ்..." என்று ஆரம்பித்தான்.

"நான் ஒண்ணும் படிக்கல்ல சேர்," என்றாள் அவசரமாக. தட்டில் கோப்பைகள் கிலுகிலுத்தன. "எனக்கு ஒண்ணும் தெரியாது சேர்."

அவள் போன பிறகு தனுஜா மெதுவாகச் சொன்னாள்: "ஏன் பேர மாத்துனீங்கன்னு அப்பாதான் அவளத் தேடிப் பாக்கச் சொன்னாரு. கேட்டா அப்புடித்தான் சொல்லணும்னும் சொல்லியிருந்தாரு. அவனுக்கு வெக்கமாப் போயிரும்னு."

ஜனகன் கோப்பினை மூடி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டான்.

இறப்பர்க் காட்டுக்கு நடுவே, சரிவில் புதைகுழி. தூறல் விட்டுவிட்டுப் போட்டது. பெட்டியை இறக்கிவைத்ததும் ரஸாக் நாநா கொப்பியைத் திறந்தார். தொண்டையைச் செருமினார். அவருடைய செருமல் ரம்புக்கனை வரை கேட்கும். சரிவில் நின்ற அத்தனை பேரும் வாயை மூடினார்கள்.

"நாநா." அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. "நாநா, ஒரு திருத்தம்."

"என்னாது?"

"கொப்பியக் குடுங்க."

"இங்க வச்சா? சைன் வச்ச பொறகா?" ரஸாக் நாநா கூட்டத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். கொப்பியைக் கொடுத்தார்.

ஜனகன் 'கம்பனி முதலாளி' என்பதை வெட்டினான். ஸ்டோர் கீப்பர் என்று எழுதினான்.

"அப்ப கம்பனி?" அவர் மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் அவருக்கு மெதுவாகப் பேச வராது.

"என்னுது நாநா." மாமா தலையைத் திருப்பிக்கொண்டார். பின்வரிசையில் யாரோ யாரிடமோ கேட்டார்கள், அவர் இன்னொருவருக்குச் சொன்னார். "மொதல்லேர்ந்தே என்னுதுதான். அவரு பாத்துக்கிட்டாரு. அப்புடி எழுதுங்க."

"எழுதுறேன். ஆனா வெட்டுன எடத்துல இன்னொரு சைன் வேணும் மகன். சங்கத்துச் சட்டம்." குடைக்குள் கொப்பியைப் பிடித்து, இடம் காட்டுவதற்காகத் தன் பேனாவால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டார். "இந்தா, இதுக்குப் பக்கத்துல."

அவன் அந்தக் குறியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கையெழுத்துப் போட்டான்.

ரஸாக் நாநா தமிழில் வாசித்தார். பழனிமுத்து, ஸ்டோர் கீப்பர், மகனின் கம்பனியைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டவர். யாரும் இருமவில்லை. பிறகு அதையே சிங்களத்தில் வாசித்தார். ஜனகனுக்கு இரண்டு மொழியும் நன்றாகவே தெரியும். இரண்டாவது தடவையும் தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் கேட்டான்.

"மண்ணு போடுப்பா," என்றார் மாமா.

குனிந்தான். மடிப்பிலிருந்த கோப்பு நழுவப் பார்த்தது. இடது கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஈர மண்ணை அள்ளினான். உள்ளங்கை ரேகைகளில் ஒட்டிக்கொண்டிருந்த அழிறப்பர் துகள்கள், கறுத்துச் சுருண்டு, மண்ணோடு மண்ணாகப் பெட்டியின் மேல் விழுந்தன.