அணிவகுத்து நின்ற எதிரிகள்

இருபத்துமூன்று வருடத்தில் எந்தக் குலுக்கலிலும் நான் ஒரு சோப்புப் பெட்டிகூட ஜெயித்ததில்லை. கல்லூரி ஆண்டு விழாவில் அறுபது பேருக்கு நாற்பது பரிசு வைத்துக் குலுக்கியபோதும் என் சீட்டு வரவில்லை. பிப்ரவரி மூன்றாம் வாரம், ரங்கூன் தின்கன்ஜூனில் எங்கள் வார்டில், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கச் சீட்டுக் குலுக்கினார்கள். முதல் சீட்டே நான்.

வாசித்தது என் பர்மியப் பெயரை. வீட்டிலும் கோயிலிலும் சிவானந்தன். பள்ளிக்கூடத்திலும் அடையாள அட்டையிலும் மின் தூ. பெயர் இரண்டு இருந்தாலும் ஆள் ஒருவன்தான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. நாலைந்து பேர் கைதட்டினார்கள். பெயர் வராத பையன்களின் அம்மாக்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மார்ச் கடைசியில் ஆஜராக வேண்டும். ஐந்து வாரம் இருந்தது.

"இனிமே காலையில எழுந்திரிச்சுப் பழகு," என்றாள் ஆஷா.

ஆஷா என் அக்காள். மருந்துக் கம்பெனியில் கிளார்க். அக்காளை நாங்கள் பர்மியில் மமா என்போம். அழ வேண்டிய இடத்தில் எல்லாம் எதையாவது குறை சொல்வது அவள் வழக்கம். அன்று இரண்டு மணி நேரம் என் செருப்பைக் குறை சொன்னாள்.

தப்பிக்க ஒரு வழி இருந்தது. அதன் பெயர் வெர்னா.

வெர்னா அமெரிக்காவில் இருக்கும் எண்பத்தொரு வயது அம்மாள். அவருடைய அப்பா பறந்த போர் விமானப் படையின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். ஒரு வருடமாகப் பழைய ரங்கூன் படங்களைத் தேடிக்கொடுப்பது, தெருப் பெயர் சரிபார்ப்பது என்று அவருக்கு நான் இணையத்தில் வேலை செய்தேன். கரண்ட் இருக்கும்போது வேலை செய்தேன் என்று சொல்வது இன்னும் சரி.

படையின் பெயர் செங்குளவிகள். விமானங்களின் மூக்கில் சிவப்புச் சாயம் அடித்திருப்பார்கள். நாற்பத்தொன்று டிசம்பரில் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட வந்தபோது மிங்கலாடோன் விமானத் தளத்திலிருந்து ஏறி அவனை அடித்தார்கள். பிறகு ஊர் ஜப்பான் கைக்குப் போய்விட்டது. செங்குளவிகள் பின்வாங்கி, இரண்டு மூன்று வருடம் கழித்து மேற்கேயிருந்து பறந்து வந்து, இந்த முறை ரங்கூனையும் சுற்றியுள்ள ரயில், பாலம், படகுகளையும் அடித்தார்கள். முதல் பாதியில் காப்பாற்றியது, இரண்டாம் பாதியில் அடித்தது. இரண்டு பாதிக்கும் பதக்கம் கொடுத்திருக்கிறார்கள்.

வெர்னாவின் அப்பா இரண்டு பாதியிலும் இருந்தவர். நாற்பத்தைந்து பிப்ரவரியில் த்வாண்டே கால்வாய்ப் பக்கம் விழுந்து செத்துப்போனார். அப்போது வெர்னா ஒரு வயதுக் குழந்தை. அப்பாவை அவர் பார்த்ததே இல்லை. உடன் பறந்தவர் எழுதிய அறிக்கையின் நகலை எனக்கு அனுப்பியிருந்தார். அதில் இருந்தது இவ்வளவுதான்: 'த்வாண்டே கால்வாயில் எதிரிப் படகுகள் இரண்டு. வீரர்கள் அணிவகுத்து நின்றனர். இரண்டும் மூழ்கடிக்கப்பட்டன. ஒரு விமானம் திரும்பவில்லை.'

என் சீட்டு விழுந்த கதையை எழுதியதும் வெர்னா மறுநாளே பதில் போட்டார். அவர் நூலை வெளியிடுவது அங்கே ஒரு சின்னக் கல்லூரி. அவர்கள் என்னைப் பாங்காக்கில் மூன்று மாத ஆய்வு உதவியாளர் என்று அழைக்க முடியும். ஆனால் குழு ஒத்துக்கொள்ள வேண்டும். கடைசி அத்தியாயத்துக்கு, அப்பா விழுந்த இடத்திலிருந்து நேரடிச் செய்தி ஏதாவது நான் கொண்டுவந்தால் குழு மறுக்காது.

பர்மாத் தமிழர் முகநூல் குழுவில் விசாரித்தேன். பதினொரு பேர் 'வாழ்த்துகள்' என்றார்கள். ஒருவர், என்ன எது என்று தெரியாமலே, 'ஆழ்ந்த இரங்கல்' என்றார். ஒருவர் மட்டும் ஒரு போன் நம்பர் கொடுத்தார்: அம்சவேணி, த்வாண்டே.

"படகுக்காரங்க படையல் வர்ற ஞாயித்துக்கிழமை," என்றது அந்தக் குரல். "சைவமா வந்து சேரு. முந்தின நாளே மீன் கருவாடு தொடாதே."

பான்சோடான் துறையில் படகேறி ஆற்றுக்கு அக்கரையில் டலாவில் இறங்கினேன். அம்சவேணியின் தம்பி செல்லையா மோட்டார் சைக்கிளோடு நின்றார். வாடகைக்கு ஆள் ஏற்றுவது அவர் தொழில்.

"அமெரிக்காக்காரன் ஆளுன்னு சொன்னாங்க. மூக்கு சிவக்கலையே?"

"வெயில்ல போனா சிவந்துடும், மாமா."

"வாய் இருக்கு. பட்டாளத்துல முதல்ல அதைத்தான் புடுங்குவாங்க."

என் செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

அம்சவேணிக்கு ஐம்பது வயதிருக்கும். சந்தையில் மீன் சாறு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறார். கால்வாய்க் கரையில், வயலுக்கும் தண்ணீருக்கும் நடுவில், தகரக் கூரைக்குக் கீழே பத்தொன்பது செங்கல் நட்டு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தார்கள். நான்கடி தள்ளி, கூரைக்கு வெளியே, இருபதாவது செங்கல். அதற்குச் சுண்ணாம்பு அடித்திருந்தது. பொட்டு இல்லை.

பத்தொன்பது இலை போட்டுச் சோறு, சாம்பார், மூன்று காய், பாயசம் பரிமாறினார்கள். கற்பூரம் காட்டி எல்லாரும் விழுந்து கும்பிட்டு எழுந்த பிறகு, அம்சவேணி தனியாக ஒரு இலை கொண்டுபோய் வெள்ளைக் கல்லின் முன்னால் நுனி வலதுபக்கம் வர, தலைமாற்றிப் போட்டார். ஒரு சின்னச் சட்டியிலிருந்து வெறும் சோறு வைத்தார்.

"அது வேற சட்டியா, அத்தே?"

"அது உப்பில்லாம வடிச்சது. அவன் விமானக்காரன். உப்புப் போட்டா உறவாயிடும். சோறே போடலைன்னா பசியில இங்கேயே அலைவான். அதனால இப்படி."

நான் படம் எடுத்துக்கொண்டேன். வெர்னாவின் அப்பாவுக்கு எண்பது வருடமாக ஒரு ஊர் சோறு போடுகிறது. இதைவிட நேரடிச் செய்தி வேறு என்ன வேண்டும்? மனதுக்குள் பாங்காக்கில் இறங்கி டாக்சி பிடித்துவிட்டேன்.

"இந்தப் பத்தொன்பது பேரு?"

அம்சவேணி பந்தியில் எனக்கு இலை போட்டு உட்காரவைத்துவிட்டுச் சொன்னார். ஒவ்வொரு வருடமும் அவருடைய பெரியப்பா சொன்னதாம். பெரியப்பா போனபின் அவர் சொல்கிறார்.

பத்தொன்பது பேரும் தமிழ்க் கூலிகள். யுத்தத்துக்கு முந்தி மிங்கலாடோன் தளத்தில் வேலை பார்த்தவர்கள். ஓடுபாதையில் விழுந்த குண்டுக் குழிகளை மண் போட்டு மூடியவர்கள். விமானங்கள் திரும்பி இறங்கும்போது கங்காணி விசில் அடிப்பார். உடனே எல்லாரும் மண்கூடையைப் போட்டுவிட்டு ஓடுபாதை ஓரத்தில் வரிசையாக, கை தொங்கவிட்டு, அசையாமல் நிற்க வேண்டும். யாரும் சக்கரத்துக்குக் குறுக்கே ஓடிவிடக் கூடாது என்பதற்காக அப்படி ஒரு ஏற்பாடு. நிற்கிறவர்களைப் பார்த்துச் சிவப்பு மூக்குக்காரர்கள் கையசைப்பார்கள். சிகரெட் எறிவார்கள்.

ஊர் ஜப்பான் கைக்குப் போனதும், இவர்களைப் பிடித்துக் கால்வாயில் நெல் படகு தள்ள விட்டார்கள். படகில் ஜப்பான் கொடி இருக்கும். விமானச் சத்தம் கேட்டால் பர்மியப் படகுக்காரர்கள் தண்ணீரில் குதித்துவிடுவார்கள். அன்றைக்கும் குதித்தார்கள். நம் ஆட்கள் அண்ணாந்து பார்த்தார்கள். மூக்கு சிவப்பு.

"நம்மாளு வந்துட்டான்னு கங்காணி விசில் அடிச்சிருக்காரு," என்றார் அம்சவேணி. "ரெண்டு படகுலயும் எல்லாரும் எழுந்து வரிசையா நின்னுட்டாங்க. பெரியப்பாவுக்குக் காய்ச்சல். எழுந்திரிக்க முடியல, நெல்லு மூட்டைக்கு நடுவுல கெடந்தாரு. அதனாலதான் பொழைச்சாரு."

'வீரர்கள் அணிவகுத்து நின்றனர்.' அந்த வரி எனக்கு மனப்பாடம்.

"அப்புறம் அவன் எப்படி விழுந்தான்?"

"அடிச்சிட்டு மேல போனவன், திரும்பவும் ரொம்பத் தாழ வந்திருக்கான். பனை மரத்துல றெக்கை இடிச்சு வயல்ல விழுந்துட்டான். பாக்கத்தான் திரும்பி வந்தான்னு பெரியப்பா சொல்வாரு. பாத்துட்டானா இல்லையான்னு யாருக்குத் தெரியும்?" மோர் ஊற்றினார். "சாப்பிடு. படையல் சோறு மிச்சம் வைக்கக் கூடாது."

கிளம்பும்போது விஷயத்தைச் சொன்னேன். வெர்னா, குழு, பாங்காக், சீட்டு எல்லாம். இதை அப்படியே எழுதினால் அந்தக் குழுவில் யாரும் என்னை எங்கேயும் அழைக்க மாட்டார்கள் என்றேன்.

"அப்ப எழுதாதே," என்றார், ஒரு வினாடிகூட யோசிக்காமல்.

"உங்க ஆளுங்க பேரு புத்தகத்துல வரவேண்டாமா?"

"அவங்க எங்கேயும் போகப்போறதில்ல. நீ போற வழியைப் பாரு. செல்லையா, இவனை நாலு மணிப் படகுல ஏத்திவிட்டுடு."

வீட்டில் மமாவிடம் சொன்னேன். அவள் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை வரி விடணும்?"

"ஏழெட்டு வரி."

"ஏழெட்டு வரிக்கு உயிரைக் கொடுப்பியா? அவ்வளவு பெரிய எழுத்தாளனா நீ?"

இல்லை. எழுதினேன். என் வாழ்க்கையிலேயே மிக அழகான கடிதம் அது. பனைமரங்கள் இருந்தன. வாழையிலை இருந்தது. ஆவி பறக்கும் சோறு இருந்தது. தங்கள் விடுதலைக்காக உயிர்விட்ட அந்நிய வீரனுக்கு ஊரே ஆண்டுதோறும் படைக்கிறது என்று எழுதினேன். தலைமாற்றிப் போட்ட இலையின் படத்தையும் இணைத்தேன். அங்கே அது யாருக்குத் தெரியப் போகிறது? பத்தொன்பது செங்கற்களைப் படத்திலிருந்து வெட்டுவதற்குப் பெரிய கஷ்டம் இல்லை. அவை ஒரே ஓரத்தில்தான் இருந்தன.

நான்கு நாளில் அழைப்புக் கடிதம் வந்தது. குழு முழுமனதாக ஒத்துக்கொண்டதாம். வெர்னா மூன்று வரிதான் எழுதியிருந்தார். எண்பது வருடமாக அப்பா எங்கோ பட்டினியாகக் கிடக்கிறார் என்றே ஏனோ நினைத்து வந்தாராம். இனித் தூங்குவாராம்.

மமா அதை வாசித்துவிட்டு, என் பெட்டியின் ஜிப் சரியில்லை என்றாள்.

அழைப்புக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வெளிநாட்டுப் பயண அனுமதிக்காக மூன்று அலுவலகம் ஏறினேன். மூன்றாவதில் இருந்த அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். கடிதத்தை இரண்டு முறை படித்தார். காகிதம் தடிமனாக இருக்கிறது என்று பாராட்டினார். பிறகு என் அடையாள எண்ணைக் கணினியில் தட்டினார்.

"தம்பி, உங்க சீட்டு விழுந்திருக்கே."

"அதனாலதான் சார் வந்தேன்." சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று புரிந்தது.

"சீட்டு விழாதவங்களுக்கே இப்ப அனுமதி கஷ்டம். விழுந்தவங்களுக்குக் கிடையாது. போன திங்கட்கிழமை உத்தரவு வந்துடுச்சு." கடிதத்தைக் கசங்காமல் மடித்துக் கொடுத்தார். "பத்திரமா வச்சுக்கோங்க. திரும்பி வந்தப்புறம் உதவும்."

மிச்சம் ஒன்பது நாள் இருந்தது. முதல் நாள் தூங்கினேன். இரண்டாம் நாள் அம்சவேணிக்குப் போன் செய்து, பத்தொன்பது பேருடைய பெயர்களையும் கேட்டேன். பதினேழுதான் அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டு பேரைக் கங்காணி மட்டும் அறிவாராம், கங்காணி அந்தப் பதினேழில் ஒருவர். அனுமதி கிடைக்காததையும் சேர்த்து வெர்னாவுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். விசில், வரிசை, கொடி, நெல் மூட்டை, உப்பு, தலைமாற்றிப் போட்ட இலை. வெட்டாத படத்தை இணைத்தேன். எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். பொய்க்கு வேலை இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

"இப்ப எதுக்கு அந்தக் கிழவியைக் கொல்றே?" என்றாள் மமா. "தூங்கிக்கிட்டிருக்காங்க, தூங்கட்டுமே."

அதற்குள் அனுப்பிவிட்டிருந்தேன்.

ஆறு நாள் எதுவும் வரவில்லை. ஆஜராக வேண்டிய நாள் காலை ஆறரைக்குப் பதில் வந்தது. மமா என் பையில் வேப்பங்குச்சி, தைலம், இரண்டு பனியன் வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது பனியன் வைக்க இடம் இல்லை என்று பையைத் திட்டினாள்.

'அன்புள்ள சிவா,' என்று ஆரம்பித்திருந்தார் வெர்னா. 'உங்கள் இரண்டாவது கடிதத்தைக் குழுவுக்குக் காட்டினேன். பயண அனுமதி கிடைக்காத கோபத்தில் நீங்கள் எழுதியதாக அவர்கள் கருதுகிறார்கள். முதல் கடிதத்தை எழுதியவர் பொய் சொல்லியிருக்க முடியாது, அது அவ்வளவு உணர்ச்சியோடு இருக்கிறது என்கிறார்கள். முதல் கடிதம் அப்படியே கடைசி அத்தியாயமாகிவிட்டது. நாளை அச்சுக்குப் போகிறது. நிறுத்தச் சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறது. நான் குழுவைக் கேட்கவில்லை, உங்களைக் கேட்கிறேன். இரண்டில் எதை நான் நம்ப வேண்டும்?'

வாசலில் வார்டுக்காரர் என் பெயரைக் கூப்பிட்டார். பர்மியப் பெயரை.

"வண்டி வந்துடுச்சு," என்றாள் மமா. "செருப்பை மாத்து. அது வேணாம், மத்தது."

நின்றுகொண்டே தட்டினேன். 'முதல் கடிதத்தால் எனக்கு லாபம் இருந்தது. இரண்டாவதால் எதுவும் இல்லை. அதை வைத்து முடிவு செய்யுங்கள்.' வேறு ஏதாவது எழுத வேண்டும் போல இருந்தது. அழகாக எழுத வந்துவிடுமோ என்று பயந்து நிறுத்திக்கொண்டேன்.

அனுப்பும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்குள் கரண்ட் போய், வைஃபையும் போயிற்று. சிம்மிலிருந்து போகுமா என்று மாற்றிப் பார்த்தேன்.

"போன் அங்கே வாங்கிடுவாங்களாம், குடு," என்று மமா கை நீட்டினாள்.

"போகலைன்னா திரும்ப அனுப்பு, மமா. கரண்ட் வந்ததும் அனுப்பு. நாளைக்குள்ள போகணும்."

"எது? அந்தக் கிழவிக்கா?"

"ஆமா."

அவள் திரையைப் பார்த்தாள். படித்தாள். குறை சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று தேடுவது முகத்தில் தெரிந்தது. போனை இடுப்பில் செருகிக்கொண்டு, என் பையை எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கினாள்.