வெர்பாவில் இரண்டு நிமிடம்

1951 ஜனவரியில் வெர்பா ஊர்ப் பராஸ்காவுக்குப் பிறந்த நான்காவது குழந்தை, இரண்டாம் நாள் மதியத்துக்குள் அரிக்கேன் விளக்கு அளவுக்கு வெளிச்சம் தர ஆரம்பித்தது. அந்த மாதம் முட்டை டஜன் ஐம்பது காசு, குளிர் மைனஸ் முப்பத்தெட்டு. மூத்தவன் ஒஸ்தாப் சாதாரணமாகப் பிறந்து, ஏழு வயதில் வீட்டை ரெண்டாக்கிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின் வந்த இரண்டும் இப்படித்தான் மஞ்சளாக மின்னின. கண் பட்டுவிடும் என்று ஜன்னலைக் கம்பளியால் மூடினார்கள். மூடிய அறைக்குள் நான்கு நாள் மின்னி, இரண்டும் அணைந்துபோயின.

இந்த முறையும் பக்கத்து வீட்டு யுஸ்தீனா கம்பளியோடு வந்தாள். "கண்ணு பட்டுடும்டி, மூடு."

"பட்டா பட்டுட்டுப் போகுது. மூடி மூடி என்னத்தக் கண்டேன்?" என்று பராஸ்கா அதைப் பிடுங்கி அடுப்படியில் எறிந்தாள். நல்ல வேலை செய்தாள்.

பனிப்புயலில் டாக்டரிடம் போகும் சாலையே காணாமல் போயிருந்தது. வெர்பாவில் ஒருநாளும் நிற்காத வின்னிபெக் நகரத்து எக்ஸ்பிரஸ், அன்று மாலை நான்கு மணிக்கு, ஜன்னலில் தெரிந்த மஞ்சளை எச்சரிக்கை விளக்கென்று எண்ணி வேகம் குறைத்து அவர்கள் வாசலுக்கு நேரே நின்றது. கார்டு டங்கன் குதித்திறங்கினார். "எவன்யா இங்க விளக்கு வெச்சது?"

"விளக்கு இல்லீங்க, எம் பொண்ணு," என்று பராஸ்காவின் கணவன் தனிலோ குழந்தையைத் தூக்கிக் காட்டினான்.

"அட கடவுளே! டாக்டர்கிட்ட போகணும், ஏறுங்க முதல்ல. சண்டைய உள்ள போய்ப் போட்டுக்கலாம்."

வின்னிபெக் டாக்டர் மறைக்காமல் சொன்னார். "உங்க ரத்தமும் குழந்தைக்கு அப்பா வழியில வந்த ரத்தமும் ஒத்துக்கலம்மா. உங்க ரத்தம் முதல் பிள்ளைய விட்டுடும். அப்புறம் வர்றத எதிரின்னு நெனச்சு அழிக்கும்."

"அப்ப அந்த ரெண்டையும் நாந்தான் கொன்னேனா?"

"நீங்க இல்லம்மா. உங்களுக்குத் தெரியாம உங்க ரத்தம்."

தொப்புள் வழியே மஞ்சள் ரத்தத்தைச் சிறு ஊசிக்குழலால் கொஞ்சம் எடுத்து ஒரு ஜாடியில் விடுவதும், யாரோ கொடுத்த, பகையில்லாத ரத்தத்தைக் கொஞ்சம் ஏற்றுவதுமாக மூன்று மணி நேரம். எடுக்க எடுக்கக் குழந்தையின் வெளிச்சம் இறங்கியது, ஜாடியின் வெளிச்சம் ஏறியது. கடைசியில் குழந்தை மற்றக் குழந்தைகளின் நிறத்துக்கு வந்து, பசித்து வீறிட்டது. பராஸ்கா வாய்விட்டு அழுதாள். வைக்க இடமில்லை என்று நர்ஸ் அந்த ஜாடியைத் தனிலோ கையிலேயே கொடுத்துவிட்டாள்.

ஊர் திரும்பியதும் அவன் அதை வாசலுக்கு நேரே ரயில்பாதையோரக் கம்பத்தில் கட்டினான். இதுவரை அணையவில்லை. வண்டியும் தினம் நிற்கிறது. அட்டவணையில் 'வெர்பா, இரண்டு நிமிடம்' என்று அச்சாகிவிட்டது.

ஏறுவதற்கு ஆளில்லாத ஒரு நாள் டங்கன் கேட்டார். "யாருக்காகம்மா நிக்கிறோம்?"

"ரெண்டு பேர் ஏறணும்," என்றாள் பராஸ்கா.

"டிக்கெட்?"

"கைக்குழந்தைக்கு ஏதுங்க டிக்கெட்?"

டங்கன் கதவை அகலத் திறந்து பிடித்தார். இரண்டு நிமிடம் ஆனதும் மெதுவாகச் சாத்திவிட்டு விசில் ஊதினார்.