ஏணியில் நிற்பவர்

பழைய போட்டோ எந்த வீட்டில் இருந்தாலும் மோப்பம் பிடித்துப் போய்விடுவார் என்பதால், ஊரில் அவருக்குப் 'பழையபடம்' என்றே பெயர். கிண்டல்தான். ஆனால் ஊர் வரலாறு வேண்டுமென்றால் எல்லாரும் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். காபி போட்டுக் கொடுத்தே அவர் மனைவிக்குப் பாதி ஆயுள் போயிற்று.

ஒருநாள், யாரோ பரணிலிருந்து இறக்கிக் கொடுத்த பெட்டியில் மில் தீப்பிடித்தபோது எடுத்த படம் ஒன்று கிடைத்தது. புகைக்கு நடுவே ஏணியில் ஒருவன், தோளில் மயங்கிய பெண். முகத்தில் பாதி கரி. பார்த்ததுமே பழையபடத்தின் மனைவிக்கு ஏணியில் நிற்பவன் யாரென்று தெரிந்துவிட்டது. அவளுடைய அண்ணன். அந்தத் தீயோடு போனவன், உடல்கூடக் கிடைக்கவில்லை. தீ வைத்துவிட்டு ஓடியவனே அவன்தான் என்று மில் நிர்வாகம் கைகழுவியது. ஊரும் அதையே பிடித்துக்கொண்டது.

வரப்போகும் கண்காட்சியில் அவன் பெயரைப் போடச் சொல்லிக் கேட்டாள். பழையபடத்துக்கு ஒரு சட்டம் உண்டு. இரண்டு பேர் அடையாளம் சொல்லாமல் எந்த முகத்துக்கும் பெயர் எழுதமாட்டார்.

"நானும் நீங்களும் ரெண்டு பேர்தானே? நம்ம கல்யாணத்துல உங்க பக்கத்துல நின்னவன்ங்க."

"சேகரிக்கிறவனே சாட்சி சொன்னா என் வேலைக்கு என்ன மரியாதை? வேற ஆளைக் கூட்டிட்டு வா."

பழைய மில் ஆட்களின் வீடுகளில் ஏறி இறங்கினாள். ஒருவருக்குக் கண் தெரியவில்லை. ஒருத்திக்கு நன்றாகவே தெரிந்தது. கண்கூடக் கலங்கிற்று. பிறகு, தன் மகன் முதலாளி குடும்பத்திடம்தான் வேலை பார்க்கிறான் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கண்காட்சிக்கு மண்டபம் கொடுத்தது முதலாளியின் பேரன். உள்ளே நுழைந்தவள் அந்தப் படத்தின் முன் அப்படியே நின்றுவிட்டாள். 'தொழிலாளியைக் காப்பாற்றும் மில் முதலாளி' என்று கீழே கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது. தீப்பிடித்த அன்று முதலாளி ஊரிலேயே இல்லை.

அடையாளம் சொன்னது யார் என்று பத்திரிகை நிருபர் ஒருவர் கேட்டார். பேரன் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"இன்னொருத்தர்?"

பழையபடம் தொண்டையைச் செருமினார். "நான்தான்."

மனைவி நின்ற பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அவள் படத்தை ஆணியிலிருந்து கழற்றி, அணைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். வீட்டுக்காரம்மா கண்ணாடி துடைக்க எடுத்துப் போகிறார் என்று நினைத்து ஆட்கள் வழிவிட்டார்கள். பழையபடம் மட்டும் புரிந்துகொண்டார். கூப்பிட்டால் பேரன் எதிரில் காரணம் சொல்ல வேண்டிவரும். நிருபரை அடுத்த படத்துக்கு அழைத்துப் போனார்.

தெருவில் இறங்கியதும், கீழே ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் சுரண்டினாள். நல்ல பசை. பாதிதான் வந்தது. அசல் படம் அவருடைய பீரோவில் பூட்டியிருக்கிறது. அதே வரியோடு கண்காட்சிப் புத்தகமும் அச்சாகிவிட்டது. தெரிந்தும் சுரண்டிக்கொண்டே நடந்தாள், வீடு இருக்கும் தெருவைத் தாண்டி.