ஞானாம்பாள் அத்தையின் முந்தானை

ஜெயஸ்ரீ கொட்டகையில் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தபோது மாட்டின் வாயிலிருந்து எச்சில் நூல்நூலாக வடிந்துகொண்டிருந்தது. வெளியே பந்தலில், ஐஸ் பெட்டிக்குள் அப்பா ஏகநாதன். மாடு வளர்த்தவர் செத்தால், எடுப்பதற்கு முன் மாட்டைக் கொண்டுவந்து முகம் காட்டுவது அந்தப் பெருங்களத்தூர்க் குடும்பத்து வழக்கம். பக்கத்து அடுக்குமாடி பால்கனிகளில்கூட அதைப் பார்க்க ஆட்கள் நின்றார்கள்.

உதட்டை விலக்கினாள். ஈறில் கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது. கோமாரி.

போன வாரம் அப்பா போனில் சொன்னார், மாடு வாயைச் சப்புது, தீனி எடுக்கல என்று. கோமாரி வைரஸின் மரபணுவைப் படிக்கும் ஆய்வுக்கூடத்தில்தான் அவளுக்கு வேலை. அன்று மீட்டிங். வெயிலுப்பா, தண்ணி காட்டுங்க என்று வைத்துவிட்டாள்.

அந்த வைரஸ் தன்னை நகலெடுக்கும்போது எழுத்துப்பிழை விடும். பிழையைத் திருத்தும் ஏற்பாடு அதனிடம் இல்லை. பிழை அப்படியே அடுத்த மாட்டுக்கும் போகும். பிழைகளை ஒப்பிட்டுப் பார்த்தால் நோய் யார் கொட்டகையிலிருந்து யார் கொட்டகைக்குப் போனது என்று கண்டுபிடித்துவிடலாம். இதை அவள் முன்பொருமுறை அப்பாவுக்கு விளக்கினாள். அப்பா டீக்கடையில் எல்லாருக்கும் விளக்கினார்.

பந்தலில் பாதிப் பேர் மாடு வைத்திருப்பவர்கள். நோய் செருப்பில், வேட்டியில், கையில் ஒட்டிக்கொண்டு போகும். சொல்லியாக வேண்டும். சொன்னால், கோமாரி ஆராய்ச்சி பண்ற பொண்ணு வூட்லயே கோமாரியா என்பார்கள், அப்பாவின் தலைமாட்டிலேயே. வெளியே வந்து, மாடு முரண்டு பிடிக்கிறது என்றாள்.

அப்பாவின் தங்கை ஞானாம்பாளுக்கு முடிச்சூரில் நாலு மாடு. "எங்கண்ணன் வளத்த மாடு, எங்கிட்ட இன்னா முரண்டு?" என்று கொட்டகைக்குள் போனாள். கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுத கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. பட்டினி போட்டுட்டீங்களாடி என்று கேட்டபடி எச்சிலை முந்தானையால் துடைத்துவிட்டாள். மாடு நொண்டியது. துக்கத்தில் நடக்க மாட்டேன் என்கிறது என்று அத்தையே முடிவுகட்டி விட்டுவிட்டாள்.

ஜெயஸ்ரீ கொட்டகை வாசலிலேயே நின்றிருந்தாள்.

எடுத்து முடிந்தது. சுடுகாட்டுக்குப் போனவர்களில் பலர் அப்படியே பைக்கில் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கறவை நேரம் ஆகிவிட்டதென்று அத்தையும் கிளம்பினாள். போகும்போது ஜெயஸ்ரீயின் கன்னத்தைத் தடவி, அப்பா பேரை நீதான் காப்பாத்தணும் என்றாள்.

"வூட்டுக்குப் போவாதீங்க அத்தை."

"ஏண்டி?"

"மாட்டுக்குக் கோமாரி."

நாற்காலி மடக்கிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"அவுக்கப் போனப்பவே."

அத்தை முந்தானையைப் பார்த்தாள். மகன் விக்கிக்குப் போன் போட்டு, நீயே கறந்துடு, நான் வரல என்று மட்டும் சொன்னாள். குழாயடியில் போய்க் குந்தினாள்.

ஜெயஸ்ரீ அந்த வைரஸைக் கொல்லும் சலவைச் சோடாவை வாளியில் கரைத்து, சொம்போடு எடுத்து வந்தாள். அத்தை இரண்டு கைகளையும் நீட்டினாள். ஜெயஸ்ரீ மொண்டு ஊற்றினாள். சொம்பு காலியானது. அத்தை கைகளை மடக்கவில்லை. அவள் பக்கம் திரும்பவும் இல்லை.

ஜெயஸ்ரீ மறுபடி மொண்டாள்.