மாதுளம்பழத்தில் வைத்த விஷம்

முன்வரிசையில் பக்கிரிசாமி வந்து உட்கார்ந்ததும் சபாபதி தம் நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டார். போன மாதம் இதே கிள்ளான் தகரக் கொட்டகையில், படம் ஓடும்போது கதையைத் தமிழில் சரியாகச் சொல்லாத படவிளக்கக்காரரைக் கேரித் தீவு ரப்பர்த் தோட்டத்துப் பக்கிரிசாமி நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வெளியே போனார். நாற்காலி திரும்பி வந்தது. விளக்கக்காரர் வரவில்லை. அந்தக் காலி வேலைதான் சபாபதிக்குக் கிடைத்திருந்தது.

பம்பாயிலிருந்து வந்த பேசும் படம் பேசியதோ பாரசீகம். "தெரியுமா?" என்று கொட்டகை முதலாளி கேட்டபோது, பினாங்கில் கம்பளம் விற்கும் பாரசீகர் ஒருவருக்குக் கீழ்வீட்டில் ஆறு மாதம் குடியிருந்த தைரியத்தில், "தண்ணி பட்ட பாடு" என்று சொல்லிவிட்டார். அந்த ஆறு மாதமும் மேல்வீட்டிலிருந்து அவருக்குக் கேட்டது இருமல் மட்டுமே.

ஞாயிறு மத்தியானம் படம் ஓடத் தொடங்கியது. அழகென்றால் அப்படி ஓர் அழகு! தோட்டம், நீரூற்று, புறாக்கள், நிலாத்துண்டு மாதிரி ஒரு பெண். தகரக் குழலை வாயில் வைத்துச் சபாபதி ஒவ்வொன்றாகச் சொன்னார். இரண்டாவது ரீலிலும் தோட்டம், நீரூற்று, புறாக்கள். மூன்றாவதில் ஒரு வாலிபன் வந்தான். வந்து புறாக்களைப் பார்த்தான்.

"அண்ணே," என்றார் பக்கிரிசாமி சாவதானமாக, "கதை எப்ப வரும்?"

"வந்துகிட்டே இருக்கு லா."

பக்கிரிசாமி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். திரையில் ஒரு வேலைக்காரி தட்டில் மாதுளம்பழம் கொண்டுவந்தாள்.

"ஐயோ!" என்று குழலில் அலறினார். "அந்தப் பழத்துல விஷம்!"

கொட்டகைக்கு மூச்சடைத்தது. "தின்னாதடி!" என்று எழுந்து கத்தினாள் பக்கிரிசாமியின் மனைவி வீரம்மா. பெண் தின்றாள். வாலிபனுக்கும் ஊட்டினாள். பிறகு இருவரும் பாடினார்கள். நீளமான பாட்டு.

"சாகலையே?" என்றார் பக்கிரிசாமி.

"மெதுவா ஏறுற விஷம்ணே."

மெதுவாகத்தான் ஏறியது. நான்கு ரீல் ஓடியும் அவள் ஊஞ்சலாடினாள், பூப்பறித்தாள், ஒரு தும்மல்கூடப் போடவில்லை. ஒருமுறை கொட்டாவி விட்டாள். பெண்கள் பக்கம் ஒப்பாரியே கிளம்பிவிட்டது. கடைசியில் இருவருக்கும் கல்யாணம். படம் முடிந்து விளக்கைப் போட்டார்கள்.

பக்கிரிசாமி எழுந்து வந்தார். கண் சிவந்திருந்தது.

"யோவ், வயித்துல விஷத்தோட அந்தப் புள்ள மணவறையில நிக்குது. நீ பாட்டுக்கு முடிஞ்சுபோச்சுங்கிற. எம் பொஞ்சாதி அழுதுகிட்டு இருக்கா. காப்பாத்து."

சபாபதி, படம் ஓட்டும் கிரிகரியைப் பார்த்துக் கும்பிட்டார். "கடைசி ரீல இன்னொரு தடவ போடுப்பா."

"கொன்னது நீரு, காப்பாத்துறது நானா?" என்று முனகிக்கொண்டே கிரிகரி ரீலைச் சுற்றினார்.

மறுபடியும் கல்யாணம். யாரோ மணப்பெண்ணிடம் வெள்ளிக் கிண்ணத்தை நீட்டினார்கள். "மருந்து! விஷ முறிவு மருந்து!" என்றார் சபாபதி. பெண் குடித்தாள். கொட்டகை கைதட்டியது. வீரம்மா மூக்கைச் சிந்தினாள். சபாபதி குழலைக் கீழே வைத்தார்.

கிண்ணம் மாப்பிள்ளையிடம் போனது. அவன் சிரித்தபடி வேண்டாமென்று தலையாட்டினான்.

"மாப்பிள்ள குடிக்கலையே?" என்றார் பக்கிரிசாமி.

"அவனுக்கு எதுக்குண்ணே மருந்து?" சபாபதியின் வாய் அவரைக் கேட்காமலே பேசியது. "விஷத்த வெச்சவனே அவன்தானே! முன்கூட்டியே மருந்து குடிச்சிட்டு வந்தவன்!"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"அடப்பாவி!" என்று எழுந்தாள் வீரம்மா. "அவனுக்கா புள்ளையக் கட்டிக் குடுத்த?"

பக்கிரிசாமி சபாபதியின் தோளில் கை வைத்தார். மேலே படம் ஓட்டும் அறையைப் பார்த்தார்.

"கிரிகரி, இன்னொரு தடவ போடு. கல்யாணத்த இவரு நிறுத்துவாரு."