காப்பாற்றிய மருந்து

கையில் நீலம் பாரித்திருந்ததைச் சிப்பிக் கூடை இடித்த காயம் என்றே கிளெனிஸ் நினைத்திருந்தாள். ஆஸ்திரேலியாவின் ஸ்மோக்கி பே கடலோரத்தில் இருபது வருஷமாகச் சிப்பி வளர்ப்பவளுக்கு உடம்பில் காயமில்லாத நாள் ஏது? ஈறில் கசிந்த ரத்தம் நிற்காமல் போனபோதுதான் பரிசோதனைக்குப் போனாள். மறுநாளே அடிலெய்டுக்கு விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

ரத்தப் புற்றுநோய் என்றார் டாக்டர். ஆறு வருஷத்துக்கு முன் மார்பில் வந்தது திரும்பிவிட்டதா என்று கேட்டாள். இல்லை, அது போனது போனதுதான். அதைப் போக்கக் கொடுத்த மருந்து வெகு சிலருக்கு எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து இப்படி இன்னொன்றைக் கொண்டுவந்துவிடும் என்றார். அன்று அந்த மருந்தே வேண்டாமென்று அவள் அடம்பிடித்திருந்தாள். கணவன் டேரல் அழுததால்தான் சம்மதித்தாள்.

மறுபடி மருந்து. எதிர்ப்பு சக்தி அடியோடு போய்விட்டதால் ஏழாவது மாடியில் தனி அறை. ஜன்னல் திறக்காது. பூ கூடாது, பச்சையாக எதுவும் தின்னக் கூடாது.

பத்தொன்பதாம் நாள் டேரல் முகக்கவசத்தோடு வாசலருகே நின்றான். "எல்லாம் என்னாலதான், கிளென். நான்தான் உன்ன விடாம கெஞ்சினேன்."

"இதுக்கும் நானே உனக்கு ஆறுதல் சொல்லணுமா? எனக்குத் தெம்பில்ல. போ."

அவன் போனதும் மருந்துப் பை தொங்கிய கம்பத்தை உருட்டிக்கொண்டு அவள் லிஃப்ட் வரை வந்துவிட்டாள். கீழே இறங்கித் தெருவில் நின்றால் போதும் என்றிருந்தது. கதவு திறந்தது. உள்ளே ஒரு பெண், அவள் இடுப்பில் இருமிக்கொண்டிருந்த குழந்தை.

"ஏறுறீங்களா?"

கிளெனிஸ் ஓரடி பின்வாங்கினாள். "இல்லம்மா, நீங்க போங்க."

யாரும் அவளைத் தடுக்கவில்லை; அந்த இருமலுக்குப் பயந்து, பிழைக்க வேண்டுமென்று பின்வாங்கியது அவளேதான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அறைக்குத் திரும்பி டேரலுக்கு ஃபோன் செய்தாள். "கோவம் அப்படியேதான் இருக்கு. ஆனா நாளைக்கு வா."

முப்பத்து நான்காம் நாள் ரத்த அணுக்களின் எண்ணிக்கை ஏறியது. நோய் அடங்கியிருந்தது. தம்பியின் மஜ்ஜை பொருந்தியது. ஒரு மாதம் கழித்து மாற்று சிகிச்சை, அதற்கு மீண்டும் ஆறு வாரம் தனி அறை. அதுவரை வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டாள். வீடு எண்ணூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, கூடாது, ஆஸ்பத்திரிக்கு அரை மணி தூரத்துக்குள் இருக்கவேண்டும் என்றார் டாக்டர்.

டேரல் பின்தெருவில் ஒரு விடுதி அறை பார்த்து வைத்திருந்தான். நடந்தே போனார்கள். வழியில் அவன் அவள் கையைப் பிடித்தான். அவள் உதறவும் இல்லை, பதிலுக்குப் பிடிக்கவும் இல்லை.